கக்கிவிட்டால் சரியாகிவிடாது

"புல்லைத் தின்னுது பாருங்க. கக்கிடும், சரியாயிடும். விடுங்க."

ஓசூரை அடுத்த சானமாவிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் நாய் வளர்க்கும் எந்த வீட்டிலும் இதைக் கேட்கலாம். தமிழ் பேசும் வீடுகளில் மட்டுமல்ல, தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகளிலும் நம்பிக்கை இதுதான். ராகிக் கொல்லையில் பரண் மேல் இரவுக் காவல் இருக்கும் பெரியவர் சொல்கிறார். ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு முடித்து வந்து, பெங்களூரிலிருந்து பதினைந்தாயிரம் கொடுத்து வாங்கிய லாப்ரடார் குட்டிக்குத் தட்டில் சோறு வைக்கும் இளைஞரும் சொல்கிறார். நாய்க்குத் தன் வைத்தியம் தெரியும், வாந்தி என்பது அது தனக்குத் தானே செய்துகொள்ளும் சிகிச்சை, மனிதன் குறுக்கே போகாமல் இருந்தால் போதும் என்று இருவருமே மனதார நம்புகிறார்கள்.

இந்த நம்பிக்கை தவறு. ஒவ்வோர் ஆண்டும் இது நாய்களைக் கொல்கிறது. சில நேரம் மனிதர்களையும் கொல்கிறது.

நம்பிக்கை ஏன் இத்தனை காலம் நிலைத்தது என்பது புரியாத விஷயமல்ல. நாய் எளிதாக வாந்தி எடுக்கும் பிராணி. குப்பையையும் செத்ததையும் தின்று பிழைத்த வம்சம் அது. ஒவ்வாததை வெளியே தள்ளிவிட அதன் உடல் பழகியிருக்கிறது. ஒன்றிரண்டு முறை கக்கிவிட்டு, அரை நாள் படுத்துக் கிடந்து, மறுநாள் வாலை ஆட்டிக்கொண்டு களிக்கு வந்து நிற்கும் நாய்கள் ஏராளம். அப்படிப் பிழைத்த ஒவ்வொரு நாயும் புல்லின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. பிழைக்காத நாய்? அது வேறு கணக்கில் போய்விடுகிறது. "எவனோ மருந்து வெச்சுட்டான்" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுகிறோம். வரவு ஒரு பேரேட்டிலும் செலவு இன்னொரு பேரேட்டிலும் எழுதினால் எந்த வியாபாரமும் லாபத்தில் ஓடுவதாகத்தான் தெரியும்.

புல்லைப் பற்றி ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்துக் கால்நடை மருத்துவ ஆய்வாளர்கள் 1,500க்கும் மேற்பட்ட நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டுத் திரட்டிய முடிவுகளை 2008இல் வெளியிட்டார்கள். புல் தின்பதற்கு முன்னால் உடம்பு சரியில்லாதது போல் தெரிந்த நாய்கள் பத்தில் ஒன்றுகூட இல்லை. தின்ற பிறகு வழக்கமாக வாந்தி எடுத்தவை நான்கில் ஒன்றுக்கும் குறைவு. நன்றாக இருக்கும் நாய்களும் புல் தின்கின்றன, ஓநாய்களும் தின்கின்றன. வயிறு கெட்ட நாய் புல்லைத் தேடிப் போவதும் உண்டுதான். ஆனால் அது மருந்து சாப்பிடப் போகவில்லை. குமட்டல் தாங்காமல் போகிறது. அப்போது அது புல் மேய்வதைப் பார்த்து நாம் நிம்மதி அடைவதற்கு எந்தக் காரணமும் கிடையாது.

இந்தப் பகுதியில் ஒரு நாயின் வாய்க்குள் என்னென்ன போக வாய்ப்பிருக்கிறது என்று சற்று யோசித்துப் பாருங்கள். நெடுஞ்சாலைக்கு இருபுறமும் காப்புக்காடு. அறுவடைக் காலத்தில் ஜவளகிரி பக்கமிருந்து யானைக் கூட்டம் வந்து சானமாவுக் காட்டில் தங்கும்போது, முதலில் குரல் கொடுப்பது கொல்லையோரத்து நாய்தான். காட்டை ஒட்டித் தக்காளி, முட்டைகோஸ், கொத்தமல்லி, பசுமைக்குடிலில் ரோஜா. எல்லாவற்றுக்கும் மருந்தடிப்பு உண்டு. அடித்து முடித்த டப்பா வரப்பில் கிடக்கும். கலக்கிய பக்கெட்டில் மிச்சம் நிற்கும். உரத்துக்கு வாங்கி வைத்த ஆமணக்குப் புண்ணாக்கை நாய் ஆசையாகத் தின்னும். அதிலுள்ள ரிசின் என்ற நச்சு குடலைப் புண்ணாக்கி, இரத்த வாந்திவரை கொண்டுபோகும். லாரி ஷெட்டுகளில் சிந்திக் கிடக்கும் ரேடியேட்டர் கூலன்ட் இனிக்கும். நக்கிய அன்று தள்ளாடிக் கக்கும் நாய், ஒன்றிரண்டு நாளில் சிறுநீரகம் செயலிழந்து சாகும். மழைக்காலத்தில் தேரையைக் கவ்வி நுரை தள்ளுவது தனி. இவற்றில் எதைப் புல் சரிசெய்யும்?

எலிப் பசையை எடுத்துக்கொள்வோம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசையைத் தமிழக அரசு தடை செய்திருக்கிறது. ஆனால் வாங்கி வைத்த பழைய டியூப்கள் இன்னும் வீட்டுப் பரணில் இருக்கின்றன. அதைத் தின்ற நாய் முதலில் கக்கும். பிறகு அடங்கிவிடும். எழுந்து நடக்கும், தண்ணீர்கூடக் குடிக்கும். "பாத்தியா, கக்கிடுச்சு, தெளிஞ்சுடுச்சு" என்று வீடே நிம்மதியாகிவிடும். ஓரிரு நாள் நீளும் அந்தத் தெளிவுக்குள் நச்சு கல்லீரலைத் தின்றுகொண்டிருக்கும். மஞ்சள் காமாலையும் இரத்தக்கசிவும் தலைகாட்டும்போது மருத்துவர் செய்யக்கூடியது மிகக் குறைவு. காப்பாற்ற வாய்ப்பிருந்த நேரம் முழுவதையும் அந்த ஒரு வாக்கியம் தின்றுவிட்டிருக்கும்.

இனி மாங்கொட்டைக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் மாவட்டத்துக்கே உரிய சங்கடம்.

கிருஷ்ணகிரி மாவட்டம் மாம்பழத்துக்குப் பேர்போனது. கோடையில் தோப்பு, மண்டி, கூழ் ஆலை என்று எங்கும் பெங்களூரா குவிந்து கிடக்கும். சப்பிப் போட்ட கொட்டையில் சதை ஒட்டியிருக்கும். இனிப்பான வாசனை வேறு. நாய் அதைக் கடித்துக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இன்னொரு நாய் வந்தால் பறிகொடுக்க மனமில்லாமல் முழுதாக விழுங்கிவிடும். பெரிய நாயாக இருந்தால் கொட்டை சில நாட்கள், சில நேரம் சில வாரங்கள்கூட, இரைப்பையிலேயே கிடக்கும். பிறகு ஒருநாள் சிறுகுடலுக்குள் நகர்ந்து, திரும்ப வழியில்லாத ஓரிடத்தில் இறுகி நின்றுவிடும். முதல் நாள் தின்றதைக் கக்கும். இரண்டாம் நாள் தண்ணீர் குடித்தாலும் அப்படியே வெளியே வரும். மஞ்சளாகப் பித்தம் வரும். மலம் கொஞ்சமாகப் போகும் அல்லது போகாது. வயிற்றைத் தொட்டால் முதுகை வளைத்துக்கொண்டு முனகும். மூன்றாம் நான்காம் நாள் வாந்தியே மல நாற்றம் அடிக்கத் தொடங்கும். உள்ளே கொட்டை அழுத்திய இடத்தில் இரத்த ஓட்டம் நின்று, குடல் சுவர் கறுத்து, ஓட்டை விழும் நிலைக்கு வந்திருக்கும். சாதாரண எக்ஸ்ரேயில் மாங்கொட்டை தெளிவாகத் தெரியாமல் போகலாம், ஸ்கேன் தேவைப்படும். முதல் இரண்டு நாட்களில் கொண்டுபோனால் குடலைத் திறந்து கொட்டையை எடுத்துத் தைத்துவிடலாம். குடல் அழுகிய பிறகு அந்தத் துண்டையே வெட்டி இணைக்க வேண்டும். பிழைப்பது அதன் பிறகு நிச்சயமில்லை. இந்த நாய்க்கு நாம் செய்வது என்ன? மருந்துக்கடையில் மனிதர்களுக்கான வாந்தி மாத்திரை வாங்கிப் பாதியாக உடைத்துக் கொடுக்கிறோம். வாந்தி சற்று அடங்கும், அடைப்பு அப்படியே இருக்கும். சில மாத்திரைகள் குடலை முடுக்கி அடைபட்ட இடத்தில் இன்னும் சேதம் செய்யும்.

மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிரும், கறி வாசனை அடிக்கும் பிளாஸ்டிக் பையும், ஞாயிற்றுக்கிழமைக் கோழி எலும்பும் இதே வேலையைச் செய்யும்.

குட்டிகளின் கதை வேறு. பார்வோ வைரஸ் 1978 வாக்கில் உலகெங்கும் நாய்களைத் தாக்கத் தொடங்கியது. 1980களின் தொடக்கத்திலேயே சென்னைக் கால்நடை ஆய்வாளர்கள் அதை இங்கே கண்டறிந்து பதிவுசெய்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இன்றும் தடுப்பூசி போடாத மூன்று மாதக் குட்டி விடாமல் கக்கி, துர்நாற்றத்தோடு இரத்தமாகக் கழிந்து இரண்டே நாளில் செத்தால் பக்கத்து வீட்டுக்காரர்மீதுதான் சந்தேகம் போகிறது. வரப்புத் தகராறு உள்ள இடமென்றால் அது கைகலப்பாகவும் மாறும். குற்றவாளி விஷம் அல்ல, அந்த வைரஸ். அது மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பினாயில் ஊற்றிக் கழுவினால் சாகாது. பிளீச்சிங் கரைசல்தான் அதைக் கொல்லும். அதே வாசலில் அடுத்த மாதம் கொண்டுவந்து விட்ட புதுக் குட்டியும் சாகும்போது, பக்கத்து வீட்டுக்காரர்மீது பழி இரட்டிப்பாகிவிடும். ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம்வரை ஊசி போட்டிருந்தால் குட்டியும் பிழைத்திருக்கும், அக்கம்பக்கத்து உறவும் கெட்டிருக்காது.

எதுவுமே வெளியே வராத ஓக்காளம்தான் எல்லாவற்றிலும் அவசரமானது. பண்ணை வீடுகளிலும் ஆலை வாசல்களிலும் கிரேட் டேன், அல்சேஷன், டாபர்மேன் வைத்திருக்கிறார்கள். நம் ராஜபாளையமும் ஆழ்ந்த மார்புடைய இனம்தான். இத்தகைய நாய் வயிறாரத் தின்ற சில மணி நேரத்தில் அமைதியிழந்து அங்குமிங்கும் நடக்கும். கக்க முயலும், எச்சிலும் நுரையும் தவிர ஒன்றும் வராது. விலா எலும்புக்குப் பின்னால் வயிறு உப்பும். தட்டினால் தொம்மென்று ஒலிக்கும். இரைப்பை காற்றால் ஊதி, தன்னையே சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கிறது. உள்ளே போகவும் வழியில்லை, வெளியே வரவும் வழியில்லை. இரத்தம் இதயத்துக்குத் திரும்ப முடியாமல் தடைபடுகிறது. இது சில மணி நேரங்களில் கொல்லும். அந்த நேரத்தில் ஓமத் தண்ணீர் காய்ச்சுபவர்களும், வயிற்றை உருவி விடுபவர்களும், "கக்கிட்டா சரியாயிடும்" என்று விடியக் காத்திருப்பவர்களும் அந்த நாயின் மீது அன்பில்லாதவர்கள் அல்லர். அன்போடுதான் காத்திருக்கிறார்கள். அதனால்தான் எனக்கு இந்த நம்பிக்கையின் மேல் இத்தனை கோபம்.

வாந்தி மருந்தென்றால், வரவழைத்துக் கொடுப்பது அதைவிட நல்ல மருந்தாகத்தானே இருக்க வேண்டும்? ஆகவே உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், புளிக்கரைசல், சாணிக்கரைசல். வாயைப் பிளந்து பாட்டிலைச் செருகி ஊற்றுவார்கள். உப்பு அதிகமானால் இரத்தத்தில் சோடியம் ஏறி மூளை பாதிக்கப்படும், வலிப்பு வரும். மயக்கத்தில் இருக்கும் நாய்க்கு ஊற்றுவது நுரையீரலுக்குள் போகும். ஆசிட்டோ காஸ்டிக்கோ டீசலோ நக்கியிருந்தால், போகும்போது வெந்த தொண்டை திரும்பும்போது இன்னொரு முறை வேகும். துத்தநாக பாஸ்பைடு கலந்த எலி மருந்து இன்னும் மோசம். அது இரைப்பை அமிலத்தோடு சேரும்போது பாஸ்பீன் வாயுவாக மாறுகிறது. பாலோ சோறோ கொடுத்தால் அமிலம் மேலும் சுரந்து வாயு அதிகமாகும். அந்த நாய் மூடிய அறைக்குள் வாந்தி எடுத்தால், பூண்டு நாற்றத்தோடு எழும் வாயு பக்கத்தில் இருக்கும் மனிதருக்கும் ஆபத்து. பூச்சிமருந்தில் வேறு விதம்: வாயில் நீர் ஒழுகும், கண்மணி சுருங்கும், தசை துடிக்கும். அதற்குரிய அட்ரோபின் ஊசி கால்நடை மருத்துவரின் பெட்டியில்தான் இருக்கிறது, நம் சமையலறையில் இல்லை.

மருத்துவரிடம் ஓடுங்கள் என்று சொல்வது எளிது என்பார்கள். உண்மை. சானமாவிலிருந்து ஓசூர் போக வேண்டும். இரவானால் அதுவும் கடினம். அறுவை சிகிச்சை என்றால் பெங்களூருதான், செலவு ஒரு மாதச் சம்பளத்தையே விழுங்கும். இந்தக் குறையை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை நம்பிக்கையால் மூடி மறைப்பதைத்தான் எதிர்க்கிறேன். இது கால்நடை மருத்துவம் அறியாத மண்ணல்ல. மத்திகிரியில் 1824இல் தொடங்கிய கால்நடைப் பண்ணை இன்றும் இருக்கிறது. மாடு ஒருவேளை தீவனம் எடுக்கவில்லை என்றால் அன்று மாலையே டாக்டருக்குப் போன் போகிறது. மாட்டுக்கு அழைக்கும் அதே 1962 எண்ணுக்கு நாய்க்காகவும் அழைத்து, என்ன செய்வது, எங்கே கொண்டுபோவது என்று கேட்கலாம். பால் கறக்காத பிராணி என்பதால்தான் நாயைப் புல்லின் பொறுப்பில் விடுகிறோமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. யானை வரும் இரவுகளில் கொல்லையைக் காக்கும் நாய்க்கு இது நியாயமில்லை.

ஒவ்வொரு வாந்திக்கும் ஆஸ்பத்திரி தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வளர்ந்த நாய், ஒன்றிரண்டு முறைதான் கக்கியது, கூப்பிட்டால் வருகிறது, தண்ணீர் வயிற்றில் நிற்கிறது என்றால், ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் சோறு நிறுத்தி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, பிறகு உப்பு, மசாலா, நெய் இல்லாத குழைந்த சோறு கொடுத்துப் பார்க்கலாம். குட்டியைப் பட்டினி போடக் கூடாது. மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள்: நன்றாக இருக்கும் நாய்க்கு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்கும், விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்கும். வெளுத்தோ நீலம் பாரித்தோ, பசைபோல் ஒட்டியோ இருந்தால் காத்திருக்க நேரமில்லை. விடாத வாந்தி, இரத்தம், உப்பிய வயிறு, வெறும் ஓக்காளம், வலிப்பு, விஷமோ என்ற சந்தேகம், தடுப்பூசி இல்லாத குட்டி, இவற்றில் எது இருந்தாலும் அப்படியே. போகும்போது மருந்து டப்பாவையோ கவரையோ கையோடு எடுத்துப் போங்கள். வாந்தியைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் மேலுதட்டைத் தூக்குவதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஈறு பார்ப்பது வெறிநோய்த் தடுப்பூசி போட்டு வளர்த்த, வழக்கம்போல் நடந்துகொள்ளும் நாய்க்கு மட்டும்தான்.

ஏனென்றால் இன்னொரு நம்பிக்கை இருக்கிறது, முன்னதன் உடன்பிறப்பு. நாய் வாயைத் திறந்தபடி எச்சில் ஒழுகவிட்டு, விழுங்க முடியாமல் ஓக்காளித்தால், "தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சு" என்கிறோம். பாசமுள்ள ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டு உள்ளே விரலை விடுகிறார். எலும்பாகவும் இருக்கலாம். வெறிநோயாகவும் இருக்கலாம். வெறிநோய் என்றதும் துரத்தித் துரத்திக் கடிக்கும் நாய்தான் நம் கண்ணில் நிற்கிறது. அதன் இன்னொரு வடிவத்தில் நாய் யாரையும் துரத்தாது. தாடை செயலிழந்து தொங்கும், குரல் மாறும், தொண்டைத் தசை வேலை செய்யாததால் எச்சில் கயிறாக வழியும். பார்ப்பதற்கு எலும்பு சிக்கிய நாய் போலவே இருக்கும். அந்த எச்சிலில் வைரஸ் இருக்கிறது. பல் பட வேண்டும் என்பதுகூட இல்லை, கையில் இருக்கும் கீறல் போதும். உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் வெறிநோயால் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லிவரும் மதிப்பீடு; அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியாவில். அறிகுறி வந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை.

கையை விட்டுவிட்டவர் பெரும்பாலும் வெளியே சொல்வதில்லை. நாய் கடிக்கவில்லையே என்று நினைக்கிறார். பெரியவர்களுக்குத் தொப்புளைச் சுற்றிப் போட்ட பதினான்கு ஊசி இன்னும் நினைவிலிருக்கிறது; அந்தப் பயமும் சேர்ந்துகொள்கிறது. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தை இந்தியா 2005க்குள் முற்றிலும் நிறுத்திவிட்டது. இப்போது அரசு மருத்துவமனையில் கையில்தான் போடுகிறார்கள்: தொடங்கும் நாளில் ஒன்று, பிறகு அதிலிருந்து மூன்று, ஏழு, இருபத்தெட்டு நாட்கள் கழித்து. அதற்கு முன்னால், எச்சில் பட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ மிளகாய்த்தூளோ வைக்கக் கூடாது. எச்சில் புண்ணிலோ கண்ணிலோ வாயிலோ பட்டிருந்தால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் வேண்டும், அதை டாக்டரிடம் கேட்டு வாங்க வேண்டும். நாயைத் தனியாகக் கட்டி வையுங்கள், அடிக்காதீர்கள். பத்து நாளில் அது எப்படி இருக்கிறது என்பது டாக்டருக்குத் தேவைப்படும் தகவல். ஆனால் ஊசியைத் தொடங்க அந்தப் பத்து நாள்வரை காத்திருக்கக் கூடாது. வீட்டில் அந்த நாய்க்குத் தண்ணீர் வைத்த பிள்ளை, முகத்தைத் துடைத்துவிட்ட அம்மா, வாயைப் பிடித்துக்கொடுத்த பக்கத்து வீட்டு அண்ணன் என்று ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லிக் கூட்டிப் போங்கள்.